என்பிஏவுக்கு மூத்த லீக்: சிபிஏ ஏன் நின்றுபோனது?

அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்கு அடுத்த நிலையில் இருந்த சிபிஏ லீக் ஏன் நின்றுபோனது என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் போதவில்லை என்றுதான் பலரும் சொல்வார்கள். அங்கே பணம் எந்தக் காலத்திலும் போதியதில்லை, அப்படியே 50 வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். 1999இல் எல்லா அணிகளும் ஒரே ஆளின் கைக்குப் போனதுதான் அதை முடித்தது என்பது என் கருத்து.

முதலில் அதன் வயதைச் சொல்ல வேண்டும். 1946 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பேரி, ஹேசில்டன் மாதிரி ஊர்களை வைத்து ஈஸ்டர்ன் லீக் என்று தொடங்கியது. என்பிஏவின் முன்னோடி அமைப்பு உருவானது அதே வருஷம் ஜூனில். ஈஸ்டர்ன் லீக்கில் வார இறுதியில்தான் ஆட்டம், மற்ற நாட்களில் வீரர்கள் வேறு வேலைக்குப் போவார்கள். கறுப்பின வீரர்களுக்கு என்பிஏ 1950இல்தான் கதவைத் திறந்தது. ஹேசில்டன் அணியில் அவர்கள் முதல் சீசனிலேயே ஆடினார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த லீக் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தூரத்திலிருந்து போடும் கூடைக்கு மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடும் 1960களிலேயே அங்கே வந்துவிட்டது. என்பிஏவுக்கு அது வர 1979 ஆனது.

அலாஸ்காவின் ஆங்கரேஜ் வரை அணிகள் பரவிய பிறகு, 1978இல் கான்டினென்டல் பாஸ்கெட்பால் அசோசியேஷன், சுருக்கமாக சிபிஏ, என்று பெயர் மாறியது. அப்போது ஆணையராக இருந்த ஜிம் டிரக்கர் கொண்டுவந்த புள்ளி முறையை இன்றைக்கும் யாராவது எடுத்துப் பயன்படுத்தலாம். ஆட்டத்தை வென்றால் 3 புள்ளி, நான்கு கால்பகுதிகளில் வென்ற ஒவ்வொன்றுக்கும் தனியாக 1 புள்ளி. ஆக ஒரு ஆட்டத்தில் மொத்தம் 7 புள்ளிகள். முப்பது புள்ளி பின்தங்கிய அணிக்குக்கூட கடைசிக் கால்பகுதியில் வாங்க ஏதோ ஒன்று மிச்சம் இருக்கும், அதனால் யாரும் ஆட்டத்தைக் கைவிட மாட்டார்கள்.

பின்னாளில் என்பிஏவில் 11 கோப்பைகள் வென்ற பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன், 1984இல் ஆல்பனி பேட்ரூன்ஸ் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அதே ஆல்பனி 1990-91இல் ஜார்ஜ் கார்லின் கீழ் 50 ஆட்டம் வென்று 6 மட்டுமே தோற்றது, ஆனாலும் கோப்பை கிடைக்கவில்லை. ஜான் ஸ்டார்க்ஸ், மாரியோ எலி போன்றவர்களும் இங்கே ஆடி மேலே போனவர்கள்தான். என்பிஏ அணியில் யாருக்காவது அடிபட்டால் பத்து நாள் ஒப்பந்தத்தில் இங்கிருந்து ஆள் கூப்பிடுவார்கள்.

சரி, முடிவுக்கு வருகிறேன். அதுவரை ஒவ்வொரு அணிக்கும் தனித்தனி உரிமையாளர். ஒருவர் நொடித்தால் அந்த அணி மூடும் அல்லது ஊர் மாறும், லீக் நிற்காது. 1999இல் முன்னாள் நட்சத்திரம் ஐசேயா தாமஸ் லீக்கை மொத்தமாக சுமார் 1 கோடி டாலருக்கு வாங்கினார். அடுத்த வருஷமே என்பிஏ அதைவிட அதிகமாக, 1.1 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. தாமஸ் விற்கவில்லை. அப்புறம் இந்தியானா பேசர்ஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். என்பிஏ பயிற்சியாளர் இன்னொரு லீக்கை வைத்திருக்கக் கூடாது என்பதால், சிபிஏ உரிமையாளர் தலையிட முடியாத ஒரு நம்பிக்கைப் பொறுப்புக்கு (blind trust) போனது. முடிவெடுக்க ஆள் இல்லாமல், 2001 பிப்ரவரியில் சீசனின் நடுவிலேயே எல்லா அணிகளும் ஒன்றாக நின்றன. அதே நவம்பரில் என்பிஏ தன் சொந்த வளர்ச்சி லீக்கைத் தொடங்கிவிட்டது.

சில ஊர்கள் விடவில்லை, அணிகளை மீட்டு சிபிஏ பெயரிலேயே மறுபடி ஆடின. ஆனால் 2006இல் சூ ஃபால்ஸ், டகோட்டா, ஐடஹோ அணிகள் என்பிஏவின் வளர்ச்சி லீக்குக்கே மாறிவிட்டன. 2008-09இல் மிஞ்சியவை நான்கு அணிகள். அந்த சீசனையும் பாதியில் நிறுத்தி ஒரு இறுதித் தொடரை நடத்தினார்கள், அதில் ஆல்பனியை லாட்டன்-ஃபோர்ட் சில் அணி வென்றது. அதற்குப் பிறகு சிபிஏ நடக்கவில்லை.