கேள்வி – பதில்: எலைன் பெய்ஜும் வெஸ்ட் எண்ட் மேடையும்

கே: ‘எவிட்டா’ மியூசிக்கலில் (பாட்டும் நடிப்பும் கலந்த இசை நாடகம்) நடித்து பிரிட்டிஷ் பாடகி-நடிகை எலைன் பெய்ஜ் ஒரே ராத்திரியில் புகழ் பெற்றதாகப் படித்தேன். அதற்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்?

ப: அந்த ஒரே ராத்திரிக்குப் பின்னால் பதினான்கு வருட உழைப்பு இருக்கிறது. 1948இல் லண்டனுக்கு வடக்கே பார்னெட்டில் பிறந்தவர். எய்டா ஃபாஸ்டர் நாடகப் பள்ளியில் படித்துவிட்டு 1964இல் ஊர் ஊராகப் போகும் ஒரு மியூசிக்கலில் சிறு வேடத்தில் மேடையேறினார். 1968இல் ‘ஹேர்’ மூலம் லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டுக்கு வந்தார். அப்புறம் ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ கோரஸ், ‘கிரீஸ்’ நாடகத்தில் சாண்டி, 1974இல் ட்ரூரி லேன் அரங்கில் ‘பில்லி’. கோரஸ் என்றால் பின்னால் நின்று ஆடுவது மட்டும் என்று நினைக்காதீர்கள். தன் சுருதிப் பகுதியைப் பிசகாமல் பிடிக்க வேண்டும், நொடிகளில் உடை மாற்ற வேண்டும், பெரும்பாலும் ஒரு முக்கிய வேடத்துக்கு அண்டர்ஸ்டடியாகவும் (அந்த நடிகர் வராத நாளில் நடிக்கும் மாற்று நடிகராகவும்) தயாராக இருக்க வேண்டும்.

‘எவிட்டா’ 1976இல் முதலில் இசைத்தட்டாகத்தான் வந்தது. அதில் எவிட்டாவாகப் பாடியவர் ஜூலி கோவிங்டன். அவர் பாடிய ‘டோன்ட் க்ரை ஃபார் மீ அர்ஜென்டினா’ பிரிட்டனில் முதலிடத்துக்கும் போனது. மேடை வேடம் அவருக்கு வேண்டாம் என்றாகிவிட்டது. இயக்குநர் ஹரால்ட் பிரின்ஸ் பெய்ஜைத் தேர்ந்தெடுத்தார். 1978 ஜூன் 21 அன்று பிரின்ஸ் எட்வர்ட் அரங்கில் திரை உயர்ந்தபோது, பார்க்க வந்தவர்களின் காதில் இன்னொருவர் குரல் ஏற்கெனவே குடியேறியிருந்தது. ஐந்தடிக்கும் குறைவான உயரமுள்ள ஒருவர் அதைத் துடைத்தெறிந்தார் என்பதே என் கணக்கில் விருதை விடப் பெரிய விஷயம். (இப்போது ஆலிவியர் என்று அழைக்கப்படும் லண்டன் நாடக விருதும் கிடைத்தது.)

கே: ‘கேட்ஸ்’ நாடகத்தில் கடைசி நேரத்தில் வேறொருவர் இடத்துக்கு வந்தாராமே. சில நாட்களில் ஒரு வேடத்தைக் கற்க முடியுமா?

ப: எல்லா வேடத்தையும் முடியாது. இதை முடியும். நடிகை ஜூடி டென்ச் இரண்டு வேடங்கள் ஏற்றிருந்தார். ஒத்திகையில் குதிகால் நாண் கிழிந்து அவர் விலக, ஜென்னியனிடாட்ஸ் வேடம் ஒருவருக்கும், கிரிசபெல்லா வேடம் பெய்ஜுக்கும் போனது. கிரிசபெல்லா ஒதுக்கப்பட்ட கிழட்டுப் பூனை. மற்றவர்கள் மேடை முழுக்கத் துள்ளி ஆடும்போது அவள் வருவது சில முறை. ஆட்டம் மிகக் குறைவு. முழு எடையும் ‘மெமரி’ பாடலில் இருக்கிறது. நாடகம் 1981 மே 11 அன்று நியூ லண்டன் அரங்கில் துவங்கி, 2002இல் அதே மே 11 அன்று, 8,949 காட்சிகளோடு முடிந்தது.

பொதுவாக இப்படி நடுவில் நுழைபவருக்கு வேலை ஒரு வரிசையில் நடக்கும். முதலில் இசை இயக்குநரோடு பாடல்கள். பிறகு மேடையில் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் வெளியேறுவது. பிறகு உடை, விக், மைக். கடைசியாக முழுக் குழுவோடு ஓர் ஒத்திகை. பாட்டில் தடுமாறுபவர்கள் குறைவு. மேடையில் நகரும் வழிகளில் தடுமாறுபவர்களே அதிகம். நகரும் மேடைப் பகுதியில் ஓரடி தள்ளி நின்றால் வெளிச்சம் முகத்தில் விழாது, சமயத்தில் கால் உடையும்.

கே: வாரத்துக்கு எட்டுக் காட்சி என்கிறார்கள். தொண்டை எப்படித் தாங்கும்?

ப: ஆறு மாலைக் காட்சி, இரண்டு மாட்டினி (பகல் காட்சி). மாட்டினி நாளில் இரண்டு முறை முழு நாடகம். ‘எவிட்டா’வில் பேச்சு அநேகமாக இல்லை, தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டுத்தான், அதிலும் ‘எ நியூ அர்ஜென்டினா’ போன்ற இடங்களில் நெஞ்சுக்குரலை மேலே ஏற்றி உரக்கப் பாட வேண்டும், அதைத்தான் பெல்ட் என்கிறார்கள். அதனால் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் இந்த வேடத்தின் மாட்டினிக்கென்றே தனி நடிகை வைத்தார்கள்.

காப்பாற்றுவது பெரும்பாலும் மேடைக்கு வெளியே நடக்கிறது. காட்சிக்குப் பிறகு சத்தமான இடத்தில் கத்திப் பேசாமல் இருப்பது முதல் விதி. நீர் நிறையக் குடிக்க வேண்டும், ஆனால் பாடுவதற்கு முன் அவசரமாகக் குடிக்கும் தண்ணீர் குரல் நாணைத் தொடுவதே இல்லை. உடம்பு முழுவதும் ஈரமாக இருந்தால்தான் நாணும் ஈரமாக இருக்கும். உடனடி ஆறுதலுக்கு நீராவி. கனைப்பதும் கிசுகிசுப்பதும் ஓய்வு அல்ல, இரண்டுமே உரசல். மரத்துப்போகச் செய்யும் மிட்டாய்களைக் காட்சிக்கு முன் சப்பினால் வலி தெரியாமல் மேலும் அழுத்துவீர்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளும் நாணில் ரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும். குரல் திடீரென்று போய்விட்டால் பாட்டை அங்கேயே நிறுத்துங்கள். மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் நாணைப் பார்த்தே ஆக வேண்டும்.

கே: ‘மெமரி’ பாடுகிறேன். உச்சத்தில் குரல் உடைகிறது.

ப: உடைவது உச்சத்தில், தவறு தொடக்கத்தில். முதல் வரிகளையே கனமாகப் பாடிவிட்டு அதே நெஞ்சுக்குரலை இழுத்துக்கொண்டு மேலே போகிறீர்கள். பாட்டின் ஆதார சுருதி பி ஃப்ளாட் மேஜரில் துவங்கி, நடுவில் ஜி ஃப்ளாட்டுக்குப் போய், டி ஃப்ளாட்டில் முடிகிறது. அந்தக் கடைசி மாற்றத்துக்கு முன்பே குரல் இலேசாகியிருக்க வேண்டும்.

உச்ச வரியைப் பாடாமல், அந்த உயரத்திலேயே ஒருவரைக் கூப்பிடுவது போலச் சொல்லிப் பாருங்கள். தாடை இறுகினால் அரைச் சுரம் இரண்டு இறக்கிப் பழகுங்கள், வசமானதும் ஏற்றுங்கள். உயிரெழுத்தை அகலமாக விரிக்க வேண்டாம். மூச்சை அடைத்து வாங்காதீர்கள். நிரம்பி வழியும் மூச்சே நாணை முட்டி உடைக்கிறது. தாளத்திலும் ஒரு பொறி இருக்கிறது: ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு எண்ணிக்கையாக (12/8) ஓடும் பாட்டில் இடையே பத்தாகக் குறையும் (10/8) சுற்று வரும். எண்ணாமல் பாடினால் அடுத்த வரிக்குத் தாமதமாகவோ மூச்சில்லாமலோ வந்து சேர்வீர்கள்.

கே: லண்டனில் இத்தனை புகழ் பெற்றும் பிராட்வேக்கு ஏன் 1996 வரை போகவில்லை?

ப: திறமைக் குறைவு இல்லை, சங்க விதி. அமெரிக்க நடிகர் சங்கத்தின் சம்மதமில்லாமல் வெளிநாட்டு நடிகர் அங்கே நடிக்க முடியாது. ‘எவிட்டா’ 1979இல் நியூயார்க் போனபோது அமெரிக்கரே நடிக்க வேண்டும் என்று சங்கம் நின்றது. வேடம் பட்டி லுபோனுக்குப் போய் அவருக்கு அமெரிக்க மேடையின் உயரிய விருதான டோனியையும் தந்தது. 1995இல் ‘சன்செட் புலவார்ட்’ லண்டன் தயாரிப்பில் நாயகி பெட்டி பக்லி உடல்நலமின்றி இருந்தபோது பெய்ஜ் அவருக்காக நடித்தார், பின்பு வேடத்தையே ஏற்றார். அடுத்த ஆண்டு மின்ஸ்காஃப் அரங்கில் அதே வேடத்தில் பிராட்வேயில் அறிமுகம். அப்போது அவருக்கு வயது 48.

கே: கேட்டே ஆக வேண்டிய பதிவுகள் எவை?

ப: 1978 லண்டன் ‘எவிட்டா’ முதலில். அடுத்து 1984 ‘செஸ்’ ஆல்பம். அதில் பார்பரா டிக்சனோடு பாடிய ‘ஐ நோ ஹிம் ஸோ வெல்’ 1985இல் பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. 1986இல் ‘செஸ்’ மேடைக்கு வந்தபோது பெய்ஜ் இருந்தார், டிக்சன் இல்லை. அந்த வேடத்தில் ஷிவான் மெக்கார்த்தி. மூன்றாவதாக 1981 ‘கேட்ஸ்’ பதிவையும், 1998இல் வெளிவந்த காணொளியையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ‘மெமரி’யின் உச்சத்துக்கு முந்தைய வரியில் அவர் எங்கே மூச்செடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.