தங்கை கல்யாணமும் ஜெர்மன் பள்ளிக் கடமையும்

மியூனிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் கேட்டது இது: தை மாதம் தங்கைக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகனை மூன்று வாரம் ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும். ‘பாடத்தை நாங்களே வீட்டில் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம்’ என்று எழுதிக்கொடுத்தால் பள்ளியில் விடுவார்களா?

மூன்று வாரம் கிடைப்பது சந்தேகம்தான். அந்தக் கடைசி வரியை மட்டும் விண்ணப்பத்தில் எழுதவே எழுதாதீர்கள்.

இந்தியாவில் நம் 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை படிப்பைப் பிள்ளையின் உரிமை என்கிறது. பள்ளிக்கூடம் அமைத்துத் தருவது அரசின் பாடு. இங்கே ‘ஷூல்ஃப்ளிஹ்ட்’ என்றால் பள்ளிக்கு நேரில் வந்தே தீர வேண்டிய கடமை. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் அது 12 ஆண்டு. அதில் முழுநேரப் பள்ளி 9 ஆண்டு. வீட்டுக் கல்விக்கு இடமில்லை. அதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போன ஒரு குடும்பத்துக்கு 2006இல் தோல்விதான். பல மதம், பல வீட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் பழக வேண்டும், சமூகம் தனித்தனித் தீவாகப் பிரியக் கூடாது என்ற வாதம் அங்கே நின்றது. அதனால் ‘என் மகன் கணக்கில் கெட்டி’ என்பதெல்லாம் எடுபடாது.

நெருங்கிய உறவில் கல்யாணம் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் நாள் கணக்கில்தான் விடுப்பு எதிர்பார்க்கலாம். முடிவு தலைமை ஆசிரியர் கையில். பல வாரம் முன்பே எழுத்தில் கேளுங்கள். பத்திரிகையை இணைத்து, தேதியையும் உறவு முறையையும் ஜெர்மனில் இரண்டு வரி எழுதுங்கள். தமிழ்ப் பத்திரிகை அவர்களுக்கு என்ன புரியும்? பதில் வந்த பிறகே டிக்கெட். ‘அந்த வாரம்தான் விலை குறைவு’ என்பதைக் காரணமாக ஏற்கவே மாட்டார்கள்.

காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் பறக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2018இல் விடுமுறைக்குச் சற்று முன்னால் மெம்மிங்கன் விமான நிலையத்தில் போலீஸ் நின்று, பள்ளியின் அனுமதி இல்லாமல் கிளம்பிய குடும்பங்களைப் பிடித்தது. அபராதம் ஆயிரம் யூரோவரை போகலாம். மூன்று நாளைத் தாண்டினால் மருத்துவச் சான்றும் கேட்பார்கள்.

தேதி இன்னும் குறிக்கவில்லை என்றால் ஆவணிக்குத் தள்ளப் பாருங்கள். பவேரியாவில் கோடை விடுமுறை செப்டம்பரில்தான் முடியும். ஆவணியின் முதல் மூன்று வாரம் அதற்குள் அடங்கிவிடும். வைகாசியை ஒட்டியும் பெந்தெகொஸ்து விடுமுறை இரண்டு வாரம் உண்டு, ஆனால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். முகூர்த்தம் பார்க்கப் போகிறவர்கள் கையில் இந்த விடுமுறைப் பட்டியலையும் கொடுத்தனுப்புங்கள்.