தைராய்டு கட்டி, ஊசி டெஸ்ட், அயோடின் அறை: வடசென்னைக் கேள்விகளுக்குப் பதில்

இன்று தைராய்டு புற்றுநோய் மட்டும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): கழுத்து வலிக்கு ஸ்கேன் எடுத்ததில் என் மனைவிக்கு தைராய்டில் 8 மி.மீ. கட்டி, ‘டைராட்ஸ் 4’ என்று வந்திருக்கிறது. டாக்டர் ஊசி டெஸ்ட்கூட வேண்டாம் என்கிறார். அப்படியே விடலாமா சார்?

பதில்: உங்கள் டாக்டர் சொல்வது சரி. டைராட்ஸ் என்பது ஸ்கேனில் கட்டி எவ்வளவு சந்தேகமாகத் தெரிகிறது என்று போடும் எண். அமெரிக்க ரேடியாலஜி சங்கம் 2017-ல் வெளியிட்ட கணக்கில், டைராட்ஸ் 5 என்றால் 10 மி.மீ., 4 என்றால் 15, 3 என்றால் 25 மி.மீ. எட்டிய பிறகுதான் ஊசி குத்திச் செல் எடுத்துப் பார்ப்பது. ரிப்போர்ட்டில் கழுத்து நெறிகளைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நெறி சந்தேகமாக இருந்தால் இந்த அளவுக் கணக்கு செல்லாது. அந்த வரியே இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

சின்னக் கட்டியைத் தேடிப் போனால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா காட்டிவிட்டது. அங்கே மற்ற புற்றுநோய்ப் பரிசோதனைகளோடு கழுத்து ஸ்கேனும் சேர்ந்துகொண்டது. 1993-ஐவிட 2011-ல் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் இறந்தவர்கள் எண்ணிக்கையோ மாறவே இல்லை. உடலில் சும்மா கிடந்ததையெல்லாம் கண்டுபிடித்து அறுத்தார்கள், அவ்வளவுதான்.

கேள்வி (பெரம்பூர்): அம்மாவுக்கு முதல் ஊசி டெஸ்டில் ‘பெதஸ்தா 1’, இரண்டாவதில் ‘பெதஸ்தா 3’. இரண்டு தடவை பணம் கட்டியும் ஆமாவா இல்லையா என்று சொல்லவில்லை. லேப் சரியில்லையா?

பதில்: பெதஸ்தா என்பது ஊசியில் வந்த செல்லைப் பார்த்து 1 முதல் 6 வரை போடும் வகை எண். ‘1’ என்றால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பார்ப்பதற்குப் போதுமான செல் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பத்து செல்லாவது உள்ள கொத்து ஆறாவது தெளிவாகத் தெரிந்தால்தான் ஸ்லைடு தேறும். தேறாமல் போவதற்கு வழக்கமான காரணங்கள்: ஸ்கேன் பார்க்காமல் கையால் தடவி மட்டும் குத்துவது, தடித்த ஊசியால் ரத்தம் நிறைந்துவிடுவது (25 அல்லது 27 கேஜ் மெல்லிய ஊசி போதும்), நீர்க்கட்டியின் தண்ணீரை மட்டும் இழுத்துவிட்டு, ஓரத்தில் உள்ள கெட்டிச் சதையைத் தொடாமல் விடுவது, ஸ்லைடில் தேய்த்ததை உடனே ஆல்கஹாலில் போடாமல் காயவிடுவது. மின்விசிறிக்கு அடியில் சில நொடி போதும், செல்லின் கரு ஊதி மங்கிவிடும். அடுத்த முறை ஸ்கேன் உதவியோடு குத்தச் சொல்லுங்கள்.

‘3’ என்பது நிஜமான சந்தேகம், லேபைக் குறை சொல்ல முடியாது. 2023 பதிப்பின்படி இந்த வகையில் புற்றுநோயாக முடிவது சராசரியாக நூற்றுக்கு 22. திரும்பக் குத்தலாம், ஜீன் பரிசோதனை செய்யலாம், காத்திருந்து ஸ்கேன் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு வேலை: ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கி, தைராய்டு அதிகம் பார்க்கும் இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டுங்கள். எத்தனையோ ‘3’ அங்கேயே ‘2’, அதாவது சாதாரணக் கட்டி, ஆகிவிடும்.

தைராய்டு புற்றுநோயில் ஃபாலிக்குலர் என்ற வகையை எவ்வளவு நல்ல ஊசியாலும் உறுதிசெய்ய முடியாது. சாத்துக்குடியைச் சுற்றித் தோல் இருப்பதுபோல் கட்டியைச் சுற்றி ஓர் உறை இருக்கும். செல் அந்த உறையைத் துளைத்து வெளியே வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஊசி எடுப்பது சாறு. தோலைப் பார்க்க முழுப் பழமும் வேண்டும்.

கேள்வி (காசிமேடு): அப்பாவுக்கு அயோடின் சிகிச்சை தேதி கொடுத்திருக்கிறார்கள். மீன் கூடாது என்றார்கள். எங்கள் வீட்டில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. எத்தனை நாள், என்னவெல்லாம் தள்ள வேண்டும்?

பதில்: அறுவைக்குப் பின் மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுப்பதுதான் இந்தச் சிகிச்சை. மீனைவிடப் பெரிய எதிரி உப்பு டப்பாவில் இருக்கிறது. ஒரு முதல் இரண்டு வாரம், நாளைக்கு 50 மைக்ரோகிராமுக்குள் அயோடின் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் அயோடின் உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் உண்டு. ஒரு டீஸ்பூன் உப்பு 5 கிராம் என்று வைத்தாலே 75 ஆகிவிடுகிறது. மீனை நிறுத்திவிட்டு அதே உப்பில் ரசம் வைத்தால் பலனில்லை. மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் ஏற்கெனவே அயோடினால் வயிறு நிறைந்திருந்தால், மருந்தாக வரும் கதிரியக்க அயோடினைச் சீண்டாது.

ஆகவே மீன், கருவாடு, இறால், நண்டு, பால், தயிர், முட்டை மஞ்சள் கரு, ஓட்டல் சாப்பாடு, கடை ஊறுகாய், அப்பளம், பேக்கரிப் பண்டம் எல்லாம் நிற்கட்டும். சோறு, பருப்பு, காய்கறி, பழம், அளவாக ஆட்டுக்கறி, கோழிக்கறி இருக்கலாம். அயோடின் சேர்க்காதது என்று பாக்கெட்டில் அச்சிட்ட உப்பை மட்டும் போடுங்கள். உப்பையே அடியோடு நிறுத்திவிடாதீர்கள். தைராக்ஸினும் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) நிறுத்தியிருக்கும் நேரத்தில் ரத்தத்தில் சோடியம் இறங்கி, பெரியவர்கள் மயங்கி விழுவது உண்டு, பி.பி.க்கு நீர் மாத்திரை போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

வலை இழுத்துக் கை கிழிந்தால் பழக்கமாகப் பூசும் பழுப்பு மருந்து, அதாவது பொவிடோன் அயோடின், அதுவும் கூடாது. சாயம் ஏற்றிய சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் சிகிச்சை 4 முதல் 8 வாரம் தள்ளிப்போகும். கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (வியாசர்பாடி): ஒரே அறை வீடு, ஒன்றரை வயதுப் பையன், லைன் வீட்டுக்குப் பொதுக் கழிப்பறை. அயோடின் சிகிச்சை முடிந்து எப்படி வருவது?

பதில்: இதை அட்மிஷனுக்கு முன்பே நியூக்ளியர் மெடிசின் பிரிவில் சொல்லுங்கள், வீட்டுக்கு அனுப்பும் அன்று அல்ல. 30 மில்லிகியூரிக்கு (கதிரியக்க அளவு) மேல் கொடுத்தால் எப்படியும் தனி அறையில் வைப்பார்கள். வீட்டு நிலைமை தெரிந்தால் இன்னும் ஓரிரு நாள் வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. இந்த அயோடின் 8 நாளில் பாதியாகும். ஆனால் உடலில் தங்காத பங்கு முதல் இரண்டு நாளிலேயே பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். அதனால் நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள்.

தூரம்தான் நல்ல மருந்து: 1 மீட்டரில் படுவதில் கால்பங்குதான் 2 மீட்டரில் படும். பையனைச் சீட்டில் எழுதிய நாள்வரை பாட்டி வீட்டில் விடுவது உத்தமம். உட்கார்ந்து சிறுநீர் கழித்து, இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள். துணி, தட்டு, டம்ளர் தனி. பையன் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான் என்றால் சிகிச்சைக்கு ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இந்தப் பிள்ளைக்கு மறுபடி தொடங்கக் கூடாது.

கேள்வி (கொருக்குப்பேட்டை): முழுத் தைராய்டையும் எடுத்து மூன்றாம் நாள். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது.

பதில்: இன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் கால்சியம் பாருங்கள்; விரல் மடங்கி இழுத்தால் நேராக அவசரப் பிரிவு. தைராய்டின் பின்னால் அரிசிமணி அளவில், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. அறுவையில் அவற்றின் ரத்த ஓட்டம் அசைந்துபோனால் இரண்டாம், மூன்றாம் நாள் கால்சியம் இறங்கும். பெரும்பாலும் சில வாரத்தில் தேறிவிடும்.

கால்சியம் மாத்திரை போட்டும் ஏறவில்லை என்றால் சீட்டைப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். கூடவே எழுதிய கேஸ் மாத்திரை அந்த அமிலத்தைக் குறைத்துவிடும். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போடுங்கள். தைராக்ஸின் விடிகாலை வெறும் வயிற்றில். காபிக்கு அரைமணி, முடிந்தால் ஒரு மணி முன்பு. தைராக்ஸினுக்கும் கால்சியத்துக்கும் நடுவே 4 மணி நேரம் இடைவெளி.

கேள்வி (ஸ்டான்லி, எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு): தைராய்டு புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வர ஆசை சார். எந்த வழி?

பதில்: தம்பி, வழி ஒன்றல்ல. கத்தி பிடிக்க ஆசை என்றால் எம்.எஸ். பொது அறுவைக்குப் பிறகு எம்.சி.எச். எண்டோகிரைன் சர்ஜரி; சென்ட்ரல் எதிரே எம்.எம்.சி.யிலேயே (சென்னை மருத்துவக் கல்லூரி) இருக்கிறது. நுண்ணோக்கி என்றால் எம்.டி. பேத்தாலஜி, அயோடின் என்றால் எம்.டி. நியூக்ளியர் மெடிசின். இப்போதைக்கு ஐ.சி.எம்.ஆர். மாணவர் குறுகிய கால ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதத்தில் முடிகிற கேள்வியாக எடுங்கள்.

நல்ல முதல் கேள்வி: ஊசி டெஸ்டில் வந்த பெதஸ்தா எண்ணும் அறுவைக்குப் பிந்தைய பயாப்ஸியும் எவ்வளவு ஒத்துப்போகின்றன? எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வந்த பிறகுதான் பதிவேட்டைத் தொட வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. அறுவை ஆனவர்களுக்கு மட்டுமே பயாப்ஸி இருக்கும். சந்தேகம் அதிகமானவர்கள்தான் அறுவைக்குப் போயிருப்பார்கள். ஆக உங்கள் சதவீதம் உண்மையைவிட ஏறியே நிற்கும். கட்டுரையில் அதை எழுதாவிட்டால் மதிப்பீட்டாளர் அங்கேதான் பிடிப்பார்.

இந்தத் துறையில் பெரிய வேலைகள் பலவும் சிகிச்சையைக் குறைத்த வேலைகளே. ஜப்பானின் கோபே நகரில் குமா மருத்துவமனையின் மியாவுச்சி, 1 செ.மீ.க்குள்ளான பாப்பில்லரி (தைராய்டு புற்றுநோயில் அதிகம் வரும் வகை) கட்டியை அறுக்காமல் கண்காணிக்கலாம் என்று 1993-ல் சொன்னார். 2012-ல் பிரிட்டனிலும் பிரான்சிலும் வந்த இரண்டு ஆய்வுகள், மீந்த தைராய்டுத் திசுவை அழிக்க 100 மில்லிகியூரி வேண்டாம், 30 போதும் என்று காட்டின. 2016-ல் பேத்தாலஜிஸ்ட் நிக்கிஃபோரோவ் குழு, உறைக்குள் அடங்கிய ஒரு வகைக் கட்டியின் பெயரிலிருந்தே ‘புற்றுநோய்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது.

ஆனால் மெதுவான நோய்க்கு நீண்ட தொடர்பு வேண்டும். அமெரிக்க மருத்துவர் மாஸஃபெர்ரி 1994-ல் எழுதிய கட்டுரை 1,355 நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த கணக்கு. நம் பக்கம் அது கடினம்: ஆற்றோரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் மாற்றப்பட்ட குடும்பம் பழைய ஓ.பி.க்கு வருவதில்லை, சிம்மும் மாறிவிடும். முதல் நாளே நோயாளி எண்ணோடு உறவினர் இருவரின் எண்ணையும் குறித்துவையுங்கள்.

கேள்வி (தண்டையார்பேட்டை): அம்மாவுக்கு மெடுல்லரி வகை. எங்களுக்கும் வருமா?

பதில்: தைராய்டில் வேறு வகைச் செல்லில் தொடங்கும் புற்றுநோய் இது. இந்த வகையில் ஏறக்குறைய நாலில் ஒன்று பரம்பரை. முதலில் அம்மாவுக்கு ரத்தத்தில் ‘ரெட்’ ஜீன் பரிசோதனை. மாற்றம் இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, பரிசோதித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் நிம்மதி. இதே ஜீன் மாற்றத்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலும் கட்டி வரலாம். அது இருக்கிறதா என்று பார்க்காமல் அம்மாவை மயக்க மருந்துக்குள் கொண்டுபோகக் கூடாது, மேசையிலேயே பி.பி. எகிறும். அயோடின் சிகிச்சை இதற்கு வேலை செய்யாது.

கேள்வி (மாதவரம்): முழுத் தைராய்டும் எடுத்து, அயோடினும் கொடுத்து மூன்று வருடம். தைரோகுளோபுலின் போன தடவை 0.2, இப்போது 0.8. திரும்ப வந்துவிட்டதா?

பதில்: தைரோகுளோபுலின் என்பது தைராய்டு செல்கள் சுரக்கும் புரதம்; நோய் திரும்புகிறதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே லேபா? வேறு இயந்திரம், வேறு கிட் என்றால் இந்த வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகலாம். கூடவே அதற்கு எதிரான ஆன்டிபாடி பார்த்தார்களா? அது இருந்தால் தைரோகுளோபுலின் பொய்யாகக் குறைந்து காட்டும். அன்றைய டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) என்ன? அது ஏறியிருந்தால் இதுவும் ஏறும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை போட்டால் தைரோகுளோபுலின், டி.எஸ்.எச். இரண்டுமே தப்பாக வரலாம்; மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு முதல் லேபுக்கே போய் தைரோகுளோபுலின், ஆன்டிபாடி, டி.எஸ்.எச். மூன்றுக்கும் சேர்த்து ரத்தம் கொடுங்கள். அப்போதும் ஏறியிருந்தால் அடுத்தது கழுத்து ஸ்கேன்.