ஆறு கஜத்தில் கத்தரி படாத இரண்டு கஜம்

வாசகர் கேள்வி – பதில்: துணியும் தையலும்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் கானா நாட்டுப் பெண் ஒருவர் ஆறு கஜம் பூப்போட்ட துணி கொடுத்து, ‘காபாவும் ஸ்லிட்டும்’ தைக்கச் சொல்கிறார். துணி அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது. எப்படி வெட்டுவது?
– தையல் கடைக்காரர், காட்பாடி

பதில்: அது வேக்ஸ் பிரின்ட். மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து ஹாலந்துக்காரர்கள் மெஷினில் செய்த துணி. ஹெல்மண்ட் நகரில் 1846-இல் தொடங்கிய விளிஸ்கோ ஆலை இன்றும் அச்சிடுகிறது. ஆனால் டிசைன்களுக்குப் பெயரும் பொருளும் வைத்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைப் பெண்கள். ஒன்று பழமொழி சொல்லும், இன்னொன்று சக்களத்தியிடம் சாடை பேசும். அதனால் என்ன டிசைன், எது மேல்பக்கம் என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.

காபா என்பது மேல்சட்டை, ஸ்லிட் என்பது கணுக்கால் வரை நீளும் பாவாடை. தலா இரண்டு கஜம் ஆகும். மீதி இரண்டு கஜம் வெட்டாமலே இருக்க வேண்டியது. இடுப்பில் சுற்றவும், தோளில் போடவும், பிள்ளையை முதுகில் கட்டவும். மிச்சத் துணி என்று நினைத்து அதில் கை வைத்துவிடாதீர்கள். ஓரம் மட்டும் மடித்துத் தைத்துக் கொடுங்கள். துண்டாக இருப்பதால் அதன் மதிப்பு குறைவதில்லை, அதுதான் உடையை முழுமையாக்குகிறது.

விறைப்புக்குக் காரணம் ஆலையில் ஏற்றும் கஞ்சி. சுத்தப் பருத்தி என்பதால் சுருங்கும். வெட்டுமுன் அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் நனைத்து நிழலில் காயவைக்கலாம். நனைத்தால் பளபளப்பு போகும். சிலருக்கு அந்தப் பளபளப்புதான் பிடிக்கும், கேட்டுவிட்டு நனையுங்கள். ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், பின்பக்கமும் வெளுத்திருந்தால், அது மலிவான நகல். அசலில் இரு பக்கமும் ஒரே அழுத்தமாக இருக்கும், ஏனென்றால் மெழுகு இரு பக்கமும் அச்சாகிறது.

வெட்டும்போதுதான் பெரிய தப்பு நடக்கிறது. துணி மிச்சப்படுத்த முன்னும் பின்னும் எதிரெதிராகப் போட்டு வெட்டினால், முதுகில் பறவைகள் தலைகீழாகப் பறக்கும். எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வையுங்கள். பெரிய வட்ட டிசைன் மார்பின் இரு பக்கமும் விழாமல், ஒன்று நடுநெஞ்சில் வரும்படி முதலில் அடையாளம் போடுங்கள். ஊசி 14 நம்பர் போதும். ஆலைப் பெயர் அச்சிட்ட ஓரக்கரையை எறியாதீர்கள், பலர் அதைக் கேட்டு வாங்குவார்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கட்டம் போட்ட துணியை ஆப்பிரிக்காவில் வெட்டி வெட்டி அழகு செய்வார்களாமே, உண்மையா?
– லுங்கி நெசவாளர், குடியாத்தம்

பதில்: உண்மை. நைஜீரியாவில், நைஜர் டெல்டாவில் வாழும் கலபாரி மக்கள் சென்னைப் பக்கத்துக் கட்டத் துணியை ‘இஞ்சிரி’ என்பார்கள். பிறந்த குழந்தைக்கும் அது வேண்டும், சாவு வீட்டிலும் வேண்டும். ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்’ என்ற பெயரில் ஒரு கஜச் சதுரமாகப் போன சரக்கு அது. உங்கள் வீட்டில் பழைய பேல் லேபிளோ கணக்கு நோட்டோ இருந்தால், அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கலபாரிப் பெண்கள் ஊசியால் ஒரு வெளிர்நிற இழையைத் தூக்கி, இரு முனையையும் பிளேடால் அறுத்து உருவிவிடுவார்கள். கருத்த இழைகள் நிற்கும். கட்டத்துக்குள் புதுக் கட்டம் எழும். அதன் பெயர் ‘பெலெத்தே பிட்டே’, வெட்டிய துணி. வாங்கிய துணி அப்போதுதான் அவர்களுடையதாகிறது. நூலிலேயே சாயம் ஏற்றி நெருக்கமாக நெய்த துணியில்தான் இது சரியாக வரும். அச்சடித்த கட்டத்தில் இழையை உருவினால் நிறம் குழம்பி நிற்கும். செய்து பார்க்க ஆசையிருந்தால் பழைய லுங்கியில் தொடங்குங்கள். பழகும்வரை பாவு (நீள) நூலை மட்டும் அல்லது ஊடை (குறுக்கு) நூலை மட்டும் வெட்டுங்கள்; இரண்டையும் ஒரே இடத்தில் வெட்டினால் ஓட்டைதான் மிஞ்சும்.

கேள்வி: கல்லூரி விழாவில் கென்டே உடுத்தலாமா?
– மாணவர், வேலூர்

பதில்: கானா நண்பரிடம் கேட்டு உடுத்துங்கள். கென்டே என்பது கானாவில் சுமார் நான்கு அங்குல அகலப் பட்டைகளாக நெய்து இணைத்த துணி. அச்சடித்தது கென்டே ஆகாது. ஆண்கள் இடது தோளை மூடி, வலது தோளைத் திறந்து போர்த்துவார்கள். ஊக்கு குத்தாதீர்கள், பட்டை இணைப்பு பிரிந்துவிடும்.