வீட்டுக்கு வந்தால்தான் தூக்கம் வருவதில்லை, டாக்டர்!

கேள்வி: எனக்கு வயது 45. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். மாதத்தில் பதினாறு, பதினேழு நாள் வெளியூர்தான். ஹூப்ளி, விஜயவாடா, நாக்பூர், சில சமயம் இந்தூர் வரை போவேன். ஞாயிறு ராத்திரி கிளம்பினால் சனிக்கிழமை விடியற்காலை திரும்புவேன். நான்கு வருடத்தில் 11 கிலோ ஏறி இப்போது 84 கிலோ, உயரம் 168 செ.மீ. நெஞ்செரிச்சலுக்காக இரண்டு வருடமாகத் தினமும் பான்டோபிரசோல் மாத்திரை போடுகிறேன். மலச்சிக்கல் இருக்கிறது. செமி ஸ்லீப்பர் பஸ்ஸில் வந்தால் இரண்டு பாதமும் வீங்கிவிடுகிறது. வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்குமே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. கம்பெனி செக்கப்பில் பி.பி. 148/94, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. லாட்ஜில் படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன், வீட்டில்தான் தூக்கம் வருவதில்லை. பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள், வேலையை விட முடியாது. என் மனைவிக்கும் அடிக்கடி தலைவலி வருகிறது, அது வேறு விஷயம். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மனைவியின் தலைவலி வேறு விஷயம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசியில் அதற்கு வருகிறேன்.

வேலையை விடச் சொல்லி நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்லும் டாக்டரிடம் யாரும் இரண்டாவது தடவை போவதில்லை. அமெரிக்காவில் தொழில் நிமித்தம் பயணம் செய்கிறவர்களை வைத்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. மாதத்தில் 14 இரவோ அதற்கு மேலோ வெளியூரில் தங்குகிறவர்களுக்கு, ஆறு இரவு வரை தங்குகிறவர்களைவிட உடல் பருமன், தூக்கக் கோளாறு, மனப்பதற்றம், குடி எல்லாமே கூடுதலாக இருந்தன. நீங்கள் 14-ஐத் தாண்டியவர். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது நான் வெளியூர் நாட்களைவிட வீட்டில் இருக்கும் அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன்.

சனி, ஞாயிறு எப்படிப் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. உங்களைப் போல அலைகிற நிறையப் பேரைப் பார்த்திருப்பதால் நானே எழுதிப் பார்க்கிறேன், தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்குக் காந்திபுரத்தில் இறங்கி, வீட்டுக்கு வந்து படுத்தால் பதினொன்று வரை தூக்கம். எழுந்ததும் டிபனா சாப்பாடா என்று தெரியாத ஒன்று. சாயங்காலம் போனில் டீலர் பாக்கி. ராத்திரி பன்னிரண்டு வரை டிவி. ஞாயிறு பத்து மணிக்கு எழுந்து, மதியம் பிரியாணி அல்லது நாட்டுக்கோழி, அப்புறம் மூன்று மணி நேரம் தூக்கம். ராத்திரி மறுபடி பஸ்.

வாரத்தில் ஐந்து நாள் காலை ஐந்தரைக்கு எழுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை பதினொன்று என்றால் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். குளிர்காலத்தில் நமக்கும் லண்டனுக்கும் உள்ள நேர வித்தியாசம் அதே ஐந்தரை மணிதான். பாஸ்போர்ட் இல்லாமல் வாரா வாரம் லண்டன் போய்த் திரும்புகிறீர்கள்! நேர மண்டலம் மாறிப் போகிறவர்களுக்கு உடம்பு ஒரு மணி நேர வித்தியாசத்துக்குச் சுமார் ஒரு நாள் கணக்கில்தான் சமாளிக்கும். உங்களுக்குக் கிடைப்பது மொத்தமே இரண்டு நாள். ஆகவே உங்கள் உடம்புக்கு எப்போது பசிக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும், எப்போது வெளிக்குப் போக வேண்டும் என்பது எந்த ஊரிலும் தெரிவதில்லை.

லாட்ஜில் படுத்ததும் தூங்குவது நல்ல தூக்கத்தின் அடையாளம் என்று நினைக்காதீர்கள். அது தூக்கக் கடன் ஏறிய உடம்பு. இன்னொன்றும் கேட்க வேண்டும். கடிதத்தில் குடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டீலர் மீட்டிங் நடக்கிற ஊர்களில் ராத்திரி என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும். இரண்டு பெக் சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவில் தூக்கத்தை உடைக்கும், நெஞ்செரிச்சலையும் பி.பி.யையும் ஏற்றும். இருந்தால் உங்கள் டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

நான் முதலில் கேட்பது ஒரே ஒரு மாற்றம். எந்த ஊரில் இருந்தாலும், என்ன கிழமையானாலும், எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். ஆறு மணி என்றால் ஆறு. அதிகபட்சம் ஒரு மணி நேரம் முன்பின் போகலாம். சனிக்கிழமைக்கு மட்டும் விலக்கு: பஸ்ஸில் தூங்காமல் வந்தால் ஏழரை வரை படுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எழுந்தவுடன் மொட்டை மாடியிலோ தெருவிலோ அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடங்கள். உடம்பின் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதில் காலை வெளிச்சத்துக்கு நிகரான மாத்திரை என்னிடம் இல்லை. மதியம் கண் சொக்கினால் மூன்று மணிக்குள் அரை மணி நேரம் மட்டும் படுங்கள், அலாரம் வைத்துக்கொண்டு. காபியும் டீயும் மதியம் இரண்டோடு முடியட்டும். குடித்த காபியில் உள்ள கஃபீனில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். சொல்வது சுலபம். நானே ஒருமுறை தூக்கத்தைப் பற்றிப் பேசுவதற்காக இரவு பஸ் பிடித்து மதுரை போய், மூன்று காபியைக் குடித்துவிட்டு மேடை ஏறியிருக்கிறேன்.

டீ என்றதும் ஒரு கணக்கு. டீலர் கடையில் டீ வேண்டாம் என்றால் முகம் மாறிவிடும், எனக்குப் புரிகிறது. ஒரு நாளில் ஒன்பது கடை, ஒன்பது டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு ஸ்பூன் சர்க்கரை. சுமார் 90 கிராம் ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்கு நாளுக்கு 50 கிராமுக்குள். 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. டீயை மறுக்க வேண்டாம், சர்க்கரையை மறுங்கள். “சுகர் பார்டர்ல இருக்கு, டாக்டர் திட்டுறார்” என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவரும் தன் சுகர் அளவைச் சொல்வார், பேச்சு வளரும், ஆர்டருக்கும் நல்லது.

எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. உங்களுக்கு 6.1, வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே போகவில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், இந்த நிலையில் இருந்த நம் ஊர்க்காரர்களை மூன்று வருடம் கவனித்து 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நடை, உணவு மாற்றம் இரண்டால் மட்டுமே சர்க்கரை நோயாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான் கிடைத்தது. உங்கள் எடையில் ஐந்தாறு கிலோ இறங்கினாலே நல்ல வித்தியாசம் தெரியும். இடுப்புச் சுற்றளவையும் ஒரு டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நம் ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது.

வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது பாசத்தில் சமைக்கப்படுவது. ஐந்து நாள் வெளியில் சாப்பிட்ட மனிதருக்கு ஐந்து நாளையும் சேர்த்து இரண்டு நாளில் ஈடுகட்டுகிறார்கள். விருந்தாளிக்கு வைப்பது போல உங்களுக்கு இலை போடுகிறார்கள். விருந்து வாரத்துக்கு ஒரு வேளை, அதுவும் மதியம் மட்டும் இருக்கட்டும். மற்ற வேளைகளில், நீங்கள் இல்லாத செவ்வாய்க்கிழமை வீட்டில் என்ன சமைப்பார்களோ அதையே கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்: ஒரு கரண்டி அரிசிம்பருப்பு சாதம், கொள்ளு ரசம், கீரை, ஒரு கொய்யாப்பழம். வெளியூரில் நீங்கள் தேடி அலையும் வீட்டுச் சாப்பாடு அதுதானே?

நெஞ்செரிச்சலுக்கு வருகிறேன். பத்தரை மணிக்குச் சாப்பிட்டுப் பதினொரு மணிக்குப் படுத்தால் எந்த இரைப்பையும் எதிர்க்கும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பு சாப்பாடு முடியட்டும். பஸ் பத்து மணிக்கு என்றால் ஏழு மணிக்கு இட்லியோ இடியாப்பமோ. வழியில் பஸ் நிற்கிற ஓட்டலில் பரோட்டா வேண்டாம், இறங்கி நடக்க மட்டும் செய்யுங்கள். வீட்டில் இடது பக்கமாகப் படுங்கள். பான்டோபிரசோல் நல்ல மருந்துதான், ஆனால் இரண்டு வருடம் யாரையும் கேட்காமல் போடுவதற்கு உரியது அல்ல. நீண்ட நாள் போட்டால் பி12, மெக்னீசியம் குறையலாம். திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் முன்பைவிட அதிகமாகத் திரும்பும், ஆகவே டாக்டர் சொல்லும்படி படிப்படியாகக் குறையுங்கள். விழுங்கும்போது அடைப்பது, மலம் கறுப்பாகப் போவது, காரணமில்லாமல் எடை இறங்குவது, இதில் எது இருந்தாலும் எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும். மாடிப்படி ஏறும்போது எரிச்சல் வந்து, நின்றால் அடங்குகிறது என்றால் அது வயிறு என்று எண்ணாமல் அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுங்கள். வேர்வையோடு வந்து அடங்கவே இல்லை என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது, உடனே அவசர சிகிச்சைப் பிரிவு.

தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் மலச்சிக்கலுக்குப் பாதிக் காரணம். சிறுநீரகக் கல்லுக்கும் அது அழைப்பு. பகலில் இரண்டு, இரண்டரை லிட்டரை முடித்துவிட்டு, பஸ் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். முடிந்த இடங்களுக்கு ரயிலில் போங்கள். கழிப்பறை இருக்கிறது, காலை நீட்டிப் படுக்கலாம். பாத வீக்கமும் அதில் பாதியாகும். இரண்டு பாதமும் சமமாக வீங்கி மதியத்துக்குள் வடிந்தால் பெரும்பாலும் தொங்கிய காலில் நீர் இறங்கியதுதான். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போகும் எந்தப் பயணத்திலும், பஸ்ஸோ காரோ விமானமோ, இந்த அபாயம் சுமார் இரண்டு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. ஆளுக்கு ஆள் பார்த்தால் அரிதுதான், பயப்பட வேண்டாம். மணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள்.

148/94 என்ற அளவை நான் அப்படியே ஏற்கவும் மாட்டேன், தள்ளவும் மாட்டேன். இரவுப் பயணம் முடித்து, டீ குடித்து, வரிசையில் நின்று பார்த்த பி.பி.யாக இருக்கலாம். மேல்கையில் கட்டும் மெஷின் ஒன்று வாங்குங்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார்ந்து, காலை இரண்டு தடவை, இரவு இரண்டு தடவை, ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள். முதல் நாள் அளவை விட்டுவிட்டு மீதியின் சராசரி 135/85-ஐத் தாண்டினால் பி.பி. உண்மைதான். உங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை: வெளியூர் நாட்களுக்கு ஒரு பக்கம், வீட்டு நாட்களுக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் பிரித்து எழுதுங்கள். எந்தப் பக்கம் அதிகம் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். மாத்திரை தேவைப்பட்டால் தயங்காமல் போடுங்கள், பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறட்டை விடுகிறீர்களா? தூக்கத்தில் மூச்சு நின்று, திணறித் திரும்ப வருகிறதா? இதற்கு நீங்கள் சாட்சி சொல்ல முடியாது, உங்கள் மனைவிதான் சொல்ல வேண்டும். இருந்தால் தூக்கப் பரிசோதனை அவசியம். பி.பி., பகல் அசதி இரண்டுக்கும் அது வேராக இருக்கலாம்.

இப்போது அந்தத் தலைவலி. உலக வங்கி தன் ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுக் கணக்குகளை ஆராயச் சொன்னது. வேலைக்காக வெளிநாடு போய்வரும் ஆண்கள், போகாதவர்களைவிட 80 சதவீதம் கூடுதலாகக் காப்பீடு கோரியிருந்தார்கள் என்று 1997-ல் தெரிந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது 2002-ல் வந்த அடுத்த ஆய்வு. அடிக்கடி பயணம் செய்பவர்களின் கணவன், மனைவியர் மனநலச் சிகிச்சைக்காகக் கோரியதும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. அவர்கள் எங்கும் பயணம் போகவில்லை. வீட்டில்தான் இருந்தார்கள்.

நீங்கள் இல்லாத ஐந்து நாளில் கேஸ் புக் பண்ணுவதிலிருந்து பெண்ணின் டியூஷன் வரை உங்கள் மனைவி ஒருவரே ஓட்டுகிறார். ஆறாவது நாள் நீங்கள் வந்து, பதினொன்று வரை தூங்கி, “இது ஏன் இங்க இருக்கு?” என்று ஆரம்பிக்கிறீர்கள். இரண்டு நாளில் அவர் ஒழுங்கு கலைந்து, திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து அடுக்குகிறார். ஆகவே சனிக்கிழமை ரேஷன் கடையோ மின்சார பில்லோ பெண்ணை டியூஷனில் விடுவதோ, ஒரு வேலையை நிரந்தரமாக உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து போன் பேசுவது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நேரம் போக்குவதற்காக இல்லாமல், தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும்.

அதற்காக எல்லாத் தலைவலியையும் உங்கள் கணக்கில் எழுதிவிடவும் மாட்டேன். ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம், ரத்தசோகை, தைராய்டு, பி.பி., கண்ணாடி மாற்ற வேண்டிய கண் என்று எதுவாகவும் இருக்கலாம். அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இருவருமாகச் சேர்ந்து பக்கத்தில் ஒரு பொது மருத்துவரிடம் போங்கள். பி.பி. நோட்டை நீங்கள் எடுத்துப் போங்கள். முதலில் உள்ளே அவர் போகட்டும்.