பீரு கள்ளுக்கு இல்லீங்க, ராகிக்குத்தான் சொந்தம் – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

எனக்கு ஊரு பல்லடம். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். ரெண்டு வருசமா நாங்க நாலு பேரு மாசம் ஒருக்கா பெங்களூர் போறோம், இந்திராநகர் பக்கம் கிராஃப்ட் பீர் குடிக்க, அதாவது கடையிலயே சின்ன அளவுல காய்ச்சி ஊத்தற பீர். அங்க பழக்கமான ஒரு கூட்டம் இருக்கு, ஹாப்ஸ் என்ன ஈஸ்ட் என்னனு மணிக்கணக்கா பேசுவாங்க, எங்களுக்கும் அந்தக் கிறுக்கு புடிச்சுக்கிச்சு. குடிச்சுட்டு ராத்திரியே கார்ல திரும்பிருவோம். நம்ம ஊர்ல இப்படி ஒரு எடம் கூட இல்லையேனு ஆதங்கமா இருக்குக்கா. அப்பாகிட்ட சொன்னா "குடிக்கறதுக்கு ஒரு சாக்கு"னு ஒரே வார்த்தைல முடிச்சர்றார். நம்ம கள்ளும் கிராஃப்ட் பீரும் ஒண்ணுதான, அதத் தடை பண்ணாம இருந்திருந்தா கொங்கு நாடு இன்னைக்கு எங்கயோ போயிருக்கும்கறது என் கட்சி. ஆன்லைன்ல ஒரு ஹோம்ப்ரூ கிட் பாத்து வெச்சிருக்கேன், தோட்டத்து மோட்டார் ரூம்ல வெச்சு நாங்களே காய்ச்சலாம்னு இருக்கோம். என்ன சொல்றீங்க?

பல்லடத்திலிருந்து ஒரு வாசகன்

தம்பிக்கு,

மொதல்ல கார் விசயம். குடிச்சுட்டு ராத்திரியே திரும்பறதா எழுதியிருக்கீங்க, அத நான் படிச்சுட்டு சும்மா தாண்டிப் போக முடியாது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, அப்பறம் தொப்பூர் கணவாய். சரக்கு ஏத்துன லாரி பிரேக் புடிக்காம உருண்டு வர்ற எறக்கம் அது, குடிக்காம ஓட்டறவனுக்கே அங்க வயிறு கலங்கும். நாலு பேர்ல ஒருத்தன் கம்மியாத்தான் குடிச்சான்னு சொல்லாதீங்க. வெடியால கோயமுத்தூர்ல உதய் எக்ஸ்பிரஸ் ஏறுங்க, பெங்களூர்ல எறங்கி மெட்ரோ புடிச்சா இந்திராநகர்லயே ஸ்டேசன் இருக்கு, ராத்திரி அங்கயே தங்கிட்டு அடுத்த நாள் வாங்க. இது முடியாதுன்னா அந்த மாசம் போகாதீங்க.

இப்ப உங்க கட்சிக்கு வர்றேன். கள்ளும் கிராஃப்ட் பீரும் ஒண்ணுங்கறத நெறைய பேரு சொல்றாங்க, கேக்கறதுக்கு நமக்கும் பெருமையாத்தான் இருக்கு, ஆனா அது ரெண்டையுமே சரியாப் பாக்காத பேச்சு தம்பி. கள்ளு காய்ச்சறதில்ல, எறக்கறது. பாளையச் சீவி விட்டா வர்ற சாறுலயே சக்கரை இருக்கு, காத்துலயும் பானைலயும் இருக்கற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பானை நெறையறதுக்குள்ளயே அந்தச் சக்கரையத் தின்னு புளிக்க வெச்சுப் போதையாக்கற வேலைய ஆரம்பிச்சிரும். பானைக்குள்ள சுண்ணாம்பு தடவுனா அதுக வேல செய்யாது, பதநீரா நிக்கும். தடவலீன்னா கள்ளு. மனுசன் செய்யறது சீவறதும் கட்டறதும் நேரத்துக்கு எறக்கறதும்தான், அது லேசான வேல இல்ல, ஆனா அது வேற வேல. ஒறவு முறைல பாத்தா கள்ளுக்குப் பங்காளி ஒயின்தான், திராட்சைலயும் சக்கரை ரெடியா இருக்கே.

பீருக்கு மூலம் தானியம். தானியத்துல சக்கரை கெடையாது, மாவுதான் இருக்கு, ஈஸ்ட்டால மாவத் திங்க முடியாது. அதனால மாவச் சக்கரையாக்க ஒரு தந்திரம் வேணும். அந்தத் தந்திரம் உங்க வீட்டுலயும் என் வீட்டுலயும் காலங்காலமா இருக்கு, கொழந்தைக்குக் கஞ்சி மாவு பண்றதுதான். எங்க அமுச்சி, அம்மாவோட அம்மா, ராகிய ராத்திரி ஊறப் போட்டு, வெடியாலத் தண்ணிய வடிச்சு, வெள்ள வேட்டித் துணில மூட்ட கட்டி, வெறகடுப்புக்குப் பக்கத்துல மாட்டி வெச்சுருவாங்க. ரெண்டு நாள் கழிச்சு அவுத்தா துணியத் துளைச்சுட்டு வெள்ள வெள்ளையா மொளை வந்திருக்கும், ஒரு பச்ச வாசம் வரும், வெள்ளரிக்கா நறுக்குன மாதிரி. அப்பறம் வெயில்ல காயவெச்சு, வறுத்து, திரிச்சு வெப்பாங்க. பார்லிக்கு இதே வேலையச் செஞ்சாத்தான் அதுக்கு மால்ட்னு பேரு. மொளைக்கறப்போ தானியத்துக்குள்ள அமைலேஸ்னு ஒரு என்சைம் உண்டாகுது, மாவ ஒடச்சு சக்கரையாக்கறது அதுதான். மால்ட்ட ஒடச்சு சுமார் 65 டிகிரி சூட்டுத் தண்ணில ஒரு மணி நேரம் போட்டு வெச்சா மாவு பூரா இனிச்ச தண்ணியாயிரும். அத வடிச்சு ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வெச்சு, ஆற வெச்சு ஈஸ்ட் விட்டா பீர், அவ்வளவுதான் அடிப்படை. ஹாப்ஸ்ங்கறது ஒரு கொடியோட பூவு, நம்ம நாட்டுல இமாச்சல்ல லாஹூல் பக்கம் கொஞ்சம் வெளையுது. கொதிக்க ஆரம்பிச்சப்பவே போட்டா கசப்பு ஏறும், எறக்கறப்போ போட்டா வாசம் நிக்கும், நம்ம ரசத்துக்கு மல்லித்தழைய எப்பப் போடறோம்கற மாதிரிதான்.

அதனால கொங்கு நாட்டுக்கு பீரோட ஒரு சொந்தம் இருக்குன்னா அது தென்னமரத்துல இல்ல, அமுச்சியோட ராகி மூட்டைல இருக்கு. பெங்களூர்ல ராகி போட்ட பீர் வந்திருக்கு, இந்திராநகர்ல டாய்ட்ங்கற எடத்துல பாஸ்மதி அரிசி போட்டே ஒண்ணு இருக்கு, நீங்க குடிச்சிருப்பீங்க. பெல்ஜியம் பக்கத்து விட்பியர்ல ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி வெதையும் போடுவாங்க, நம்ம அஞ்சறைப் பெட்டில இருக்கற அதே வெதைதான். பீரு நம்ம பக்கத்துக்குப் புதுசும் இல்ல. வெள்ளக்காரன் காலத்துலயே நீலகிரி மேல காய்ச்சிட்டிருந்தாங்க, 1915-ல தாமஸ் லீஷ்மன் தென்னாட்டு ப்ரூவரிங்க அஞ்ச ஒண்ணாச் சேத்து யுனைடெட் ப்ரூவரீஸ் ஆக்குனப்போ நீலகிரியும் அதுல உண்டு. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துல அங்கத்தக் குளுருதான் பெரிய ஒத்தாசை.

கள்ளுக்கும் கிராஃப்ட் பீருக்கும் ஒரு எடத்துல மட்டும் ஒத்துமை இருக்குன்னு நான் நெனைக்கறேன், அதச் சொல்றதுக்கு ரெண்டு சம்பவம்.

மொதல் சம்பவம், எங்க அப்பிச்சியோட, அம்மாவோட அப்பாவோட, தோப்பு, ஆனமலைப் பக்கம். 1987 ஜனவரி 1-ல கள்ளுக்குத் தடை வந்துச்சு, அப்ப எனக்குப் பத்து வயசு, அதுக்கு முந்துன வருசங்கதான் என் ஞாபகம். மரமேறி ஒருத்தர் வெடியாலயும் பொழுதோடயும் வருவார், இடுப்புல பாளையரிவா, சுரக்குடுக்கை. ஒருநா ஒறம்பரை வந்திருக்காங்கன்னு அப்பிச்சி சொம்ப நீட்டுனார், அவரு பானைய மோந்து பாத்துட்டு "இது நேத்தைது சாமி, புளிச்சுப்போச்சு, பொழுதோட புதுசு தர்றனுங்க"ன்னு அந்தப் பக்கம் கொண்டுபோயிட்டார். காசு வந்தாலும் குடுக்கலீங்க. எந்த மரம், எப்பச் சீவுனது, எப்ப எறக்குனது, எல்லாம் அவரு வாய்லயே இருந்துது.

ரெண்டாவது, நான் பெங்களூர்ல வேலைல இருந்த காலம். 2009-ல புனேல டூலாலி, 2010-ல இந்திராநகர்ல டாய்ட், 2012-ல ஆர்பர், ஒயிட்ஃபீல்டுல விண்ட்மில்ஸ்னு அங்கயே காய்ச்சி ஊத்தற எடங்க ஒண்ணொண்ணா வந்துட்டிருந்த நேரம், எங்க ஆபீஸ்ல ஒரு ஏழெட்டுப் பேரு சனிக்கெழம ஆனா கூடுவோம். ஒரு எடத்துல, பேரு வேண்டாம், ஒரு லாகர் வந்துது, குளுர்ச்சில மெதுவாப் புளிக்க விடற பீர் வகை அது. ஒருத்தர் ஒரு வாய் குடிச்சுட்டு "வெண்ணெ வாசம் வருது"ன்னார். மத்தவங்களும் மோந்தோம், ஆமா, தியேட்டர் பாப்கார்ன் மாதிரி. பரிமாற வந்த பையன் கிட்டச் சொன்னதும் உள்ள போய்ச் சொல்லிட்டான், கண்ணாடிக்குப் பின்னால டேங்க் கழுவிட்டிருந்தவரு முட்டிவரைக்கும் ரப்பர் பூட்ஸோட ஈரக் கையத் தொடச்சுட்டே வந்தார். எங்க கிளாஸ்லயே கொஞ்சம் ஊத்திக் குடிச்சுப் பாத்தார், தலையாட்டுனார், "டையாசிடைல், அந்த வெண்ணெ வாசம் அதுதான், இன்னும் ரெண்டு நாள் சூட்டுல விட்டிருக்கணும், ஈஸ்ட்டே அதத் திரும்ப எடுத்துக்கிட்டிருக்கும், அவசரப்பட்டுட்டோம்"னு சொல்லிட்டு அந்த டேங்க அன்னைக்கு நிறுத்திட்டார். அப்பறம் ஒரு சேரை இழுத்துப் போட்டு எங்களோட முக்கா மணி நேரம் உக்காந்து பேசுனார்.

இந்த ரெண்டு பேரும்தான் என் மனசுல ஒண்ணா நிக்கறாங்க. செஞ்சவரு நம்ம முன்னால வந்து நிக்கறாரு, இது நல்லாருக்கு இது நல்லால்லன்னு அவர் வாயாலயே சொல்றாரு. 2003-ல இருந்து சில்லறை வியாபாரம் பூரா டாஸ்மாக்தான், அந்தக் கம்பிக்குள்ள கைய உட்டு பாட்டில் வாங்கற எடத்துல நாம கேக்கற ஒரே கேள்வி என்ன தம்பி, "கூலிங் இருக்கா". நாக்கு மரத்துப்போற அளவு ஜில்லுனு இருந்தா ருசியே தெரியாது, ஸ்ட்ராங்குன்னு எழுதியிருந்தா சீக்கிரம் ஏறும், அதுக்கு மேல அங்க பேச்சே இல்ல. எப்பக் காய்ச்சுனது, எதுல காய்ச்சுனதுன்னு கேட்டாப் பதில் சொல்ல ஆளு இருக்கா? பெங்களூர்ல அந்தக் கூட்டம் வளந்தது கேள்வி கேக்கறவங்க வந்ததாலதான், கேள்விக்குப் பதில் சொல்ற ஆளும் அதே கட்டடத்துல இருந்ததாலதான். லைசென்ஸ் குடுத்தா மட்டும் அது வந்துராது. நாளைக்கே கோயமுத்தூர்ல நாலு எடம் தொறந்தாலும் "எது ஸ்ட்ராங்கு, எது சீப்பு"ன்னு மட்டும் கேட்டா அங்கயும் அதுதான் ஊத்துவாங்க.

அப்பா சொன்னதுக்கு வர்றேன். அவர மட்டமா நெனைக்காதீங்க. எங்க சித்தப்பா குடிச்சே 44 வயசுல போனார், கடேசி ஆறு மாசம் வயிறு வீங்கி, சித்தி நகையெல்லாம் ஆஸ்பத்திரிக்கே போச்சு. இந்த மண்ணுல அப்படி ஒரு கதை இல்லாத சொந்தபந்தம் இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க. 1921-ல ஈரோட்டுல கள்ளுக்கடை மறியல் நடந்தப்போ பெரியாரோட மனைவி நாகம்மையாரும் கூடப்பொறந்த கண்ணம்மாளும் வீதிக்கு வந்து நின்னாங்க, 1937-ல ராஜாஜி மதுவிலக்க மொதமொதல்ல கொண்டு வந்ததும் நம்ம சேலம் ஜில்லாவுலதான். இதெல்லாம் சும்மா வந்துச்சா, வீட்டுக்கு வீடு பொம்பளைங்க பட்ட பாடு தம்பி. உங்கப்பா அந்தப் பயத்துல பேசறார், அவர்கிட்டப் போய் ஹாப்ஸ் வகைய வெளக்குனா எடுபடாது. ரெண்டு கிளாஸோட நிறுத்திட்டு எந்திரிச்சு வர்ற மகனப் பாத்தா ஒருவேளை எடுபடும், வருசக் கணக்காகும். எனக்கும் ஒரு வரைமொற இருக்கு, சனிக்கெழம மட்டும், சின்ன கிளாஸ் மூணு, அதுக்கு மேல நாக்கும் வேல செய்யறதில்ல. ருசி தெரியலீன்னா அப்பறம் எதுக்குக் குடிக்கறது?

கிட் வேண்டாம். லைசென்ஸ் இல்லாம மது காய்ச்சறது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்துல குத்தம், வீட்டுக்குன்னாலும் சரி, தோட்டத்துலன்னாலும் சரி. போலீசு கேஸுன்னா உங்க வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் என்ன ஆகும்னு நெனைங்க. சட்டத்த விட்டாலும் அந்த மோட்டார் ரூம்ல நல்ல பீர் வராது. ஏல்ங்கற பீர் வகைக்கு 18-ல இருந்து 22 டிகிரி வேணும், லாகருக்கு அதுல பாதி. தகரக் கூரை போட்ட ரூம்ல சித்திர மாசம் பகல்ல சூடு 38 டிகிரிய எட்டிரும், அந்தச் சூட்டுல ஈஸ்ட் கண்டபடி வேல செஞ்சு தின்னர் மாதிரி எரியற வாசத்தோட ஒண்ண எடுத்து வைக்கும், குடிச்சா அடுத்த நாள் தல பொளக்கும். அதையும் பெருமையாக் குடிப்பீங்க, நம்ம கையால செஞ்சதாச்சேன்னு.

கையால செய்யணும்கற அந்த ஆசை நல்ல ஆசை. அதுக்கு ஒரு வேல சொல்றேன், சாராயம் ஒரு சொட்டு இல்லாதது. வெள்ளிக்கெழம ராத்திரி கால் கிலோ ராகி ஊறப் போடுங்க, அம்மாகிட்டக் கேட்டு மொளை கட்டுங்க, வெயில்ல நல்லாக் காயவெச்சுத் திரிங்க. வறுக்காதீங்க, வறுத்தா அந்த என்சைம் செத்துப்போகும். அப்பறம் சாதா ராகி மாவுல கரண்டி நிக்கற மாதிரி கெட்டியாக் கூழு காய்ச்சி ரெண்டு பாத்தரத்துல ஊத்துங்க. அடுப்ப அணச்சு, வெரல் வெச்சா ஒரு நொடிக்கு மேல தாங்காத சூட்டுக்கு ஆறுனதும் ஒண்ணுல மட்டும் மொளைமாவு ரெண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி மூடி வெச்சுருங்க. கால் மணி நேரத்துல அது மோராட்டத் தண்ணியாப் போயிருக்கும், சக்கரை போடாமயே லேசா இனிக்கும். பெங்களூர்ல அந்தப் பெரிய எவர்சில்வர் டேங்குக்குள்ள நடக்கறது இதுதான். அப்பாவக் கூப்புட்டு உக்கார வெச்சு ரெண்டு பாத்தரத்தையும் காட்டுங்க, அவரோட அம்மா செஞ்ச வேலைதான அது, அவருக்குச் சொல்றதுக்கு நெறைய இருக்கும். என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா