பக்கத்து வீட்டுத் தண்ணீர் நம் சுவரைக் கெடுக்கும்போது

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் விழும் மழைத்தண்ணீரைக் குழாய் வைத்து எங்கள் சுவர் ஓரமாக விடுகிறார். சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. என்ன செய்யலாம்?

இதே தொல்லையை இரண்டு மழைக்காலம் பட்டவன் நான். முதல் மழையில் வாய்வார்த்தையாகச் சொன்னேன், “பார்க்கலாம் சார்” என்றார், நம்பி விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

ஒருநாள் கட்டிலை நகர்த்தினால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் (ஈரம்) ஏறி, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினேன். பூச்சு மாவாக உதிர்ந்தது, அடியில் வெள்ளையாக உப்பு. திரி எண்ணெயை இழுப்பது போலச் செங்கல் தண்ணீரை மேலே இழுக்கும். ஈரம் காயும்போது அதில் கரைந்திருந்த உப்பு பூச்சுக்குள் உறைந்து அதை வெளியே தள்ளும். ஆகவே தண்ணீரை நிறுத்தாமல் புதுப் பூச்சு பூசாதீர்கள், பணம்தான் போகும். நிறுத்திய பிறகும் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும்.

அடுத்த மழைக்கு முன் ஓதத்தின் மேல்விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினேன். மழைக்குப் பிறகு ஈரம் கோட்டைத் தாண்டி நான்கு விரல் ஏறியது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதையும் சுவரையும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து வைத்தேன். அப்புறம் அவரை உள்ளே கூப்பிட்டு, “கொஞ்சம் தொட்டுப் பாருங்கள்” என்றேன். கையை வைத்தவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பழைய கதை எதையும் எடுக்கவில்லை. ஒரு எல்போ (வளைவு இணைப்பு) போட்டுக் குழாயை வடிகால் பக்கம் திருப்பினால் போதும் என்று மட்டும் கேட்டேன்.

அதற்கும் ஒரு மாதம் இழுத்தடித்தார். படங்களோடு தேதி போட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் குழாய் திரும்பியது. இந்தக் கடிதத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒருவர் பல வருடம் தடையில்லாமல் ஒன்றை அனுபவித்து வந்தால் அதுவே அவருடைய உரிமையாகிவிடும் என்று பல நாடுகளின் சட்டத்தில் இருக்கிறது. எழுத்தில் ஆட்சேபம் சொன்னதற்கு ஆதாரம் கையில் இருப்பது நல்லது. கடிதத்துக்கும் அசையவில்லை என்றால் ஒரு கட்டடப் பொறியாளரிடம் அறிக்கை வாங்கி வழக்கறிஞரைப் பாருங்கள்.

கோபத்தில் அவர் குழாயை அடைப்பதோ வெட்டுவதோ வேண்டவே வேண்டாம். அந்த நிமிடமே தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும்.

உங்கள் பக்கத்தில் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சுவர் ஓரத்து மண்ணைப் பாருங்கள். சுவரை நோக்கிச் சரிந்திருந்தால் வெளிப்பக்கம் சரியும்படி மண் போட்டு இறுக்கிவிடுங்கள், விழுகிற தண்ணீர் அடியில் தேங்காமல் ஓடட்டும்.